கடலோர நடையில் காட்டுத் தாவரங்களை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரைத் தாவரங்களை இனங்காண முயல்பவருக்கு, உள்நாட்டுக் காட்டிலோ வயல்வரப்பிலோ கிடைக்காத ஓர் உதவி கிடைக்கிறது. ஒரு செடி எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அது என்னவாக இருக்கக்கூடும் என்பதைப் பாதி சொல்லிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த உப்பு அலையாகவும், காற்றில் பறக்கும் துளிகளாகவும், மண்ணுக்குள் ஊறும் நீராகவும் கரையை வந்தடைகிறது. கடலிலிருந்து விலக விலக அதன் வேகம் குறைகிறது. நூறு அடி தூரத்துக்குள்ளேயே, உப்பை முகத்தில் வாங்கிக்கொண்டு வாழும் செடிகளும் அதைச் சற்றும் தாங்காத செடிகளும் அடுத்தடுத்த பட்டைகளாக அமைந்துவிடுகின்றன. எனவே பூவைத் தேடி ஓடுவதற்கு முன் இடத்தைப் படிக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. இடம், உருவம், தண்டு, இலை, பூ, காய், பெயர் என்ற வரிசையில் பெயர் கடைசியாகத்தான் வருகிறது.

இங்கே எடுத்துக்காட்டாக வரும் தாவரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டலக் கரைகளில், குறிப்பாக இந்தியப் பெருங்கடலை ஒட்டிய மணற்கரைகளிலும் உப்பங்கழிகளிலும் வளர்பவை. குளிர்நாட்டுக் கரையில் நடப்பவருக்கு இனங்கள் மாறும். பார்க்கும் முறை மாறாது.

புறப்படும் முன்

நேரத்தை ஓதத்தைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக இறங்கும். கழிமுகத்தின் சேற்று விளிம்பைப் பார்க்க அந்த நாட்களின் வற்றுநேரம் மிக நல்லது. ஆனால் நீர் திரும்பி ஏறும்போது வழி அடைபடக்கூடிய இடங்களில் அதே நாட்கள் ஆபத்தானவையும்கூட. மணற்கரைக்கு மட்டும் செல்வதாக இருந்தால் காலை வேளையே சிறந்தது. சாய்வாக விழும் ஒளியில் இலையின் நுண்மயிரும் நரம்பும் தெளிவாகத் தெரியும். பல கடலோரப் பூக்கள் காலையில்தான் விரிந்திருக்கும். மணலில் படரும் கொடியான அடம்பின் பூ நண்பகலுக்குப் பின் வாடிச் சுருங்கிவிடும். பருப்புக்கீரையின் மஞ்சள் பூ சில மணி நேரமே திறந்திருக்கும். மாலையில் மட்டும் நடப்பவர் இவற்றைப் பூக்காத செடிகள் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

எடுத்துச்செல்ல வேண்டியவை சிலவே: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, குறிப்பேடு, பென்சில், சிறிய அளவுகோல், கைபேசி. மை ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால் பேனா வேண்டாம். முழுப்பாதத்தையும் மூடும் காலணி கட்டாயம் தேவை. காரணம் பின்னால் வரும் முட்களைப் பற்றிப் படிக்கும்போது விளங்கும். கைவில்லையைச் செடியருகே பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பது பலரும் செய்யும் பிழை. வில்லையைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, பார்க்கும் பொருளை நெருங்கிச் சென்று, அது தெளிவாகும் இடத்தில் நிறுத்துவதே சரியான முறை.

முதல் படி: நின்று, கரையின் பட்டைகளைப் பிரித்தறிதல்

கடைசியாக நீர் ஏறிய உயரத்தில் காய்ந்த பாசி, கிளிஞ்சல், குச்சி, விதை எல்லாம் சேர்ந்து ஒரு கோடாகக் கிடக்கும். உங்கள் நடையில் தூரத்தை அளக்கத் தொடங்கும் கோடு அதுதான். இனிப் பார்க்கும் ஒவ்வொரு செடியும் இந்தக் கோட்டிலிருந்து எத்தனை தப்படி தள்ளி நிற்கிறது என்று குறித்துவையுங்கள்.

அந்தக் கோட்டிலேயே முதல் பாடம் தொடங்குகிறது. அங்கே ஒதுங்கியிருக்கும் பச்சை, பழுப்பு நிறப் பொருளெல்லாம் பாசி அல்ல. பட்டையாக, ரிப்பன் போல, வில்லையில் பார்த்தால் இணையான நரம்புகள் ஓடும் இலைகள் இருந்தால் அவை கடற்புற்கள். கடற்புல் வேரும் தண்டும் பூவும் உள்ள முழுமையான பூக்கும் தாவரம்; கடற்பாசிக்கு இவை எதுவும் கிடையாது. அதேபோல் அங்கே கிடக்கும் விதைகளைப் பார்த்துவிட்டு, அந்த மரம் பக்கத்தில் இருப்பதாக முடிவுசெய்யக் கூடாது. புன்னைக்காய், தாழைப்பழத்தின் துண்டு, அடம்பின் மயிரடர்ந்த விதை ஆகியவை மிதந்து நெடுந்தூரம் பயணம் செய்பவை. ஒதுங்கியதை "ஒதுங்கியது" என்றும், வேரூன்றி நிற்பதை "வளர்வது" என்றும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் முன்னோடிச் செடிகளின் பட்டை வரும். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் இங்கே நிமிர்ந்து வளர்வன மிகக் குறைவு, படர்வனவே மிகுதி. அடம்பு, இராவணன் மீசை, சதைப்பற்றுள்ள இலைகளுடன் தரையோடு தரையாகப் பரவும் செசுவியம், மஞ்சள் பூவுள்ள லானியா, மணலுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டிலிருந்து நேர்க்கோட்டில் தளிர்களை நீட்டும் கோரையினங்கள் ஆகியவை இங்கே வாழ்கின்றன. மணல்மேட்டின் உச்சியைக் கடந்து அதன் மறுபுறச் சரிவில் இறங்கினால் காற்று சட்டென்று தணிவதை உடம்பே உணரும். செடிகளும் அதை உணர்ந்திருப்பதைக் காணலாம். நெருஞ்சி, கொழுஞ்சி, எருக்கு, மணலிக்கீரை எனச் சிறுசெடிகளின் எண்ணிக்கை அங்கே கூடிவிடும். அதற்கும் உள்ளே தாழை, சங்கங்குப்பி போன்ற புதர்களும் புன்னை, பூவரசு போன்ற மரங்களும் தொடங்கும். கடல்நீர் உள்ளே புகும் கழி இருந்தால் அது இந்த வரிசையில் சேராத தனி உலகம். அதைப் பின்னர் பார்ப்போம்.

இந்தப் பட்டைகளை எளிதாகப் படிக்க ஒரு பயிற்சி உண்டு. ஒதுங்கிய கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி நேராக நடந்து, பத்துத் தப்படிக்கு ஒருமுறை நின்று, காலடியில் ஒரு மீட்டர் சதுரத்துக்குள் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். பெயர் எதுவும் தேவையில்லை. "வட்டஇலைப் படர்கொடி", "முள்ளுருண்டைப் புல்" என்று நீங்களே தற்காலிகப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பத்து நிறுத்தங்களுக்குள் எந்தச் செடி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது தாளில் தானாக வரைந்ததுபோல் வந்துவிடும்.

இரண்டாம் படி: முழு உருவமும் தண்டும்

ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதன் முன் உட்காருங்கள். அது படர்கிறதா, நிமிர்கிறதா, அடியிலேயே பல கிளைகளாகப் பிரிகிறதா, ரோஜா இதழ்களைப் போல இலைகள் தரையோடு வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். லானியாவை அடையாளம் காட்டுவதே இந்த வட்ட அடுக்குதான். ஒரு வட்டத்திலிருந்து மெல்லிய ஓடுதண்டு புறப்பட்டு, சிறிது தூரத்தில் வேரூன்றி, அங்கே அடுத்த வட்டத்தை உண்டாக்கும். தொலைவிலிருந்து தனித்தனிச் செடிகளாகத் தெரிபவை ஒரே செடியின் தொடர்ச்சி என்பதை அந்த ஓடுதண்டைக் கண்ணால் தொடர்ந்து போனால் காணலாம்.

தண்டில் கவனிக்க வேண்டியது கணு. கணுவிலிருந்து வேர் இறங்குகிறதா என்பது மணற்கரையில் மிகப் பயனுள்ள கேள்வி. அடம்பின் நீண்ட கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது. மணல் மேலே குவிந்தால் அதைத் தாண்டி மீண்டும் வெளியே நீள்கிறது. புல்லா, கோரையா என்ற ஐயம் வந்தால் தண்டைப் பறிக்காமல் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பாருங்கள். பெரும்பாலான கோரைகளின் தண்டு முப்பட்டையாக, உள்ளே நிறைவாக இருக்கும்; இலைகள் மூன்று வரிசையில் அமைந்திருக்கும். புல்லின் தண்டு உருண்டையானது, கணுக்கள் புடைத்தவை, இலைகள் இரண்டு வரிசையில் நிற்கும். இராவணன் மீசையின் விறைத்த கூர்முனை இலைகளைப் பார்த்து அதைக் கோரை என்றோ கள்ளி என்றோ சொல்பவர்கள் உண்டு, அது புல்தான். அதில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. நீண்ட முட்களாலான பெரிய உருண்டை பெண்செடியில் மட்டுமே தோன்றும். முதிர்ந்ததும் அது கழன்று காற்றில் கரையெங்கும் உருண்டோடி விதையைச் சிந்தும். ஆகவே ஒரு மணல்மேட்டில் உருண்டையே காணாவிட்டால் அது வேறு புல் என்று எண்ண வேண்டாம்; ஆண்செடிகளின் கூட்டமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: இலை

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பூ வருடத்தில் சில வாரமே இருக்கலாம். இலை பெரும்பாலும் எப்போதும் இருக்கும். நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

இலைகள் தண்டில் எப்படி அமைந்துள்ளன என்பது முதல் கேள்வி. ஒரு கணுவில் ஒரே இலை என்றால் மாற்றிலை அமைவு; நேரெதிராக இரண்டு என்றால் எதிரிலை அமைவு; மூன்றோ அதற்கு மேலோ சுற்றி நின்றால் வட்ட அமைவு. கிளையின் நுனியில் இலைகள் நெருக்கமாகக் குவிந்து ஏமாற்றும் என்பதால் நடுப்பகுதியில் பாருங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி ஐயங்களைத் தீர்த்துவிடும்.

இலை தனியிலையா, கூட்டிலையா என்பது இரண்டாவது. ஒரு பெரிய இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருந்தால் அது கூட்டிலை. சிற்றிலையா இலையா என்ற குழப்பத்துக்கு ஓர் உறுதியான விடை உண்டு: இலையின் காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும்; சிற்றிலையின் அடியில் இருக்காது. சவுக்கு இந்தக் கேள்விக்கு எதிர்பாராத விடை தரும். நாம் ஊசியிலை என்று நினைப்பது அதன் இலையே அல்ல. அது பச்சை நிறமுள்ள மெல்லிய கிளை. ஒரு துண்டை மூட்டில் மெல்ல இழுத்து வில்லையில் பார்த்தால், மூட்டைச் சுற்றிப் பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு நுண்ணிய பற்கள் நிற்கும். அந்தப் பற்களே சவுக்கின் இலைகள்.

மூன்றாவது, இலையின் உடல். கடலோர இலைகள் உப்பையும் வெயிலையும் சமாளிக்கும் வழிகள் சிலவே. அவற்றைத் தெரிந்துகொண்டால் புதிய இலையைப் பார்த்ததும் அது எந்த வழியைப் பின்பற்றுகிறது என்று கேட்கத் தோன்றும். செசுவியமும் கழியின் உப்புத்தரையில் வளரும் உமரியும் இலையில் நீரைச் சேர்த்து உப்பின் செறிவைக் குறைத்துக்கொள்கின்றன. எருக்கு மெழுகுப்பொடி பூசிய தடித்த இலையால் நீரிழப்பைக் குறைக்கிறது. கழியோர அலையாத்தி மரமான வெண்கண்டல் உப்பைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. மழை பெய்யாத நாளில் அதன் இலைமீது உப்புப் படிகம் மின்னுவதை வில்லையில் காணலாம். வேறு சில செடிகள் வெண்மயிரால் போர்த்திக்கொண்டு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

நான்காவது, நரம்பும் விளிம்பும் அடிப்பகுதியும். புன்னையின் இலையை ஒருமுறை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார். நடுநரம்பிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்நரம்புகள் சீப்பின் பற்களைப் போல இணையாக விளிம்பை நோக்கி ஓடும். தாழையின் நீண்ட மடலில் முட்கள் இரண்டு விளிம்புகளிலும் அடிப்புற நடுநரம்பிலுமாக மூன்று வரிசையில் இருக்கும். அடம்பின் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும்; எறும்புகள் அங்கே மொய்ப்பதைப் பார்த்துத்தான் பலர் அவற்றை முதன்முதலாகக் கவனிக்கிறார்கள். அந்த இலையின் நுனி பிளந்திருப்பதைச் சங்கப் பாடல் ஒன்று மானின் அடிக்கு ஒப்பிட்டது; தாவரவியலார் 1753-ஆம் ஆண்டு வைத்த சிறப்புப் பெயரின் பொருளோ "ஆட்டின் பாதம்". மிகுந்த இடைவெளியில் இரண்டு கண்கள் ஒரே அடையாளத்தைப் பிடித்திருப்பது, இலையைப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு எனக்கு எப்போதும் சான்றாக நிற்கிறது.

இலையில் நம்பக் கூடாதவையும் உண்டு. அளவும் நிறமும் அவற்றில் முதன்மையானவை. ஒரே இனம் கடலுக்கருகே சிறிய தடித்த இலையுடனும், உள்ளே தள்ளிப் பெரிய மெல்லிய இலையுடனும் வளரலாம். செசுவியமும் உமரியும் உப்பும் வறட்சியும் மிகும்போது சிவந்துவிடும்; சிவப்புச் செடி வேறு, பச்சைச் செடி வேறு என்று இரண்டாக எழுதிவிடாதீர்கள். புதரின் வடிவமும் அப்படியே. கடற்காற்று ஒருபுறத்து மொட்டுகளைக் கருக்கிவிடுவதால், எந்தப் புதரும் நிலத்தை நோக்கிச் சீவிவிட்டதுபோல் சாய்ந்து நிற்கலாம்.

நான்காம் படி: பூவும் காயும்

பூவில் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் எண்ணுங்கள். பகுதிகள் மூன்றாகவோ மூன்றின் மடங்காகவோ இருந்தால் ஒருவித்திலைத் தாவரமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. நான்கு அல்லது ஐந்து என்றால் இருவித்திலை. இதழ்கள் தனித்தனியா, புனலாக ஒட்டியுள்ளனவா? பூவைப் பல கோணங்களில் பிரித்தாலும் சமமாக வருகிறதா, ஒரே கோட்டில்தான் சமமாகிறதா? கரையோரப் புதரான ஸ்கேவோலாவின் பூவைப் பார்த்தால் பாதி கிழிந்துபோனதாகவே தோன்றும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்திருக்கும். பக்கத்துப் பூவும் அதற்கடுத்த பூவும் அப்படியே இருப்பதைக் கண்டதும் அது சேதம் அல்ல, அமைப்பு என்று விளங்கும். எந்த அடையாளத்தையும் ஒரே பூவை வைத்து எழுதாமல் குறைந்தது மூன்றிலாவது சரிபார்க்கும் வழக்கம் இதனால்தான் தேவைப்படுகிறது.

லானியாவின் ஒரு "பூ" உண்மையில் ஒரு கொத்து. ஒவ்வோர் இதழாகத் தெரிவதும் ஒரு முழுப்பூ. சங்கங்குப்பியின் வெண்குழல் பூவிலிருந்து மகரந்தத்தாள்கள் நீண்டு வெளியே தொங்கும். காய் கிடைத்தால் பூவைவிட நல்லது. மேலே சொன்ன ஸ்கேவோலாவில் கரையோரத்தில் காணும் இரண்டு இனங்களைப் பிரிக்கக் கனியே போதும்: வெள்ளைக்கனி என்றால் ஸ்கேவோலா டக்காடா, கருங்கனி என்றால் ஸ்கேவோலா புளூமியெரி.

ஐந்தாம் படி: ஒன்றுபோல் தோன்றுபவற்றைப் பிரித்தல்

உண்மையான கற்றல் நடப்பது இங்கேதான். ஒரு செடியைத் தனியாகப் படிப்பதைவிட, அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய செடியையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் நிலைக்கும்.

பூக்காத பருவத்தில் மணல்மேட்டைப் போர்த்தியிருந்த தடித்த இலைக் கொடியை நான் நெடுநாள் அடம்பு என்றே எழுதிவைத்திருந்தேன். ஒரு நாள் அதில் அவரைப்பூவைப் போன்ற இளஞ்சிவப்புப் பூ இருந்தது. குனிந்து பார்த்தபோது ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருந்தன. அது தம்பட்டை அவரைக்கு உறவான கனவாலியா ரோசியா. அடம்பு அருகில் கலந்து படர்ந்திருந்தது. தனியிலையா கூட்டிலையா என்ற ஒரு கேள்வியை அன்றே கேட்டிருந்தால் அத்தனை மாதக் குறிப்புகளைத் திருத்த வேண்டி வந்திருக்காது. இன்னொரு சோதனையும் உண்டு: அடம்பின் கொடி காயப்பட்ட இடத்தில் பால் வடியும், அவரையினத்தில் அப்படி வடியாது.

சதைப்பற்றுள்ள படர்செடிகள் மூன்று புதியவர்களை மிகவும் குழப்பும். செசுவியத்தின் இலைகள் நீண்டு குறுகியவை, எதிரெதிராக ஏறத்தாழ சம அளவில் நிற்பவை. பூ காம்புடன் வெளியே நீண்டு, உட்புறம் இளஞ்சிவப்பாக ஐந்து முனை நட்சத்திரம்போல் விரியும். சாரணையின் இலைகள் வட்டமானவை. எதிரெதிர் இணையில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பூ காம்பின்றி இலையடி உறைக்குள் புதைந்திருக்கும். பருப்புக்கீரையின் இலை நுனியில் அகன்று அடியில் குறுகியது, பூ மஞ்சள்.

நெருஞ்சி, யானை நெருஞ்சி என்ற பெயர்கள் அவை உறவினர் என்று எண்ண வைக்கும். உண்மையில் இரண்டும் வெவ்வேறு குடும்பம். நெருஞ்சியில் கூட்டிலை, ஐந்து தனித்த மஞ்சள் இதழ்கள், உடைந்து பிரியும் முட்காய். யானை நெருஞ்சியில் தனியிலை, குழல்போன்ற மஞ்சள் பூ, நான்கு முட்களுள்ள ஒற்றைக் காய். அதன் இலையை நீரில் அசைத்தால் நீர் கொழகொழப்பாகிவிடும்.

மரங்களில் பூவரசும் நீர்ப்பருத்தியும் இதய வடிவ இலையும், நடுவில் கருஞ்சிவப்புள்ள மஞ்சள் பூவும் கொண்டவை. இரண்டின் பூவும் வாடும்போது சிவக்கும். ஆகவே நிறம் இங்கே உதவவே உதவாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். நீர்ப்பருத்தியின் அடிப்புறம் வெண்சாம்பல் மயிரடர்ந்தது. கிளையில் இலையடிச்செதில் உதிர்ந்த வளையத் தழும்புகள் இருக்கும். காய் முதிர்ந்து ஐந்தாக வெடிக்கும். பூவரசின் இலை வழவழப்பானது; அதன் தட்டை உருண்டைக் காய் எளிதில் வெடிக்காது.

எருக்கில் இரண்டு இனங்களையும் மலர்ந்த பூவால் பிரிக்கலாம். மடல்கள் விரிந்து பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியா. நிமிர்ந்து நின்று நுனி மட்டும் ஊதாவாக இருந்தால் கலோட்ரோபிஸ் புரோசெரா.

உப்பங்கழியின் விளிம்பில்

இங்கே இலைக்கு முன் வேரைப் பார்க்க வேண்டும். சேற்றில் மூச்சுக்காற்று குறைவு என்பதால் அலையாத்தி மரங்கள் வேரை வெளியே அனுப்புகின்றன. அனுப்பும் விதம் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சேற்றிலிருந்து பென்சில்கள் நட்டதுபோல் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றால் கண்டல் இனம். தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்கள் இருந்தால் சுரபுன்னை. முழங்காலைப் போல மடங்கிய வேர்கள் சேற்றுக்குமேல் தெரிந்தால் புருகுயெரா இனமாக இருக்கலாம். அதன் புல்லிவட்டத்தில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட மடல்கள் இருக்கும், சுரபுன்னையில் நான்கே இருக்கும். சுரபுன்னையில் விதை மரத்திலேயே முளைத்து நீண்ட பச்சைக் கோலாகத் தொங்குவதையும் காணலாம். கண்டல் இனங்களில் வெண்கண்டலின் இலைநுனி கூர்மையாகவும் அடிப்புறம் வெண்சாம்பலாகவும் இருக்கும். அவிசென்னியா அபிசினாலிஸ் என்ற மற்றொன்றின் இலைநுனி உருண்டிருக்கும்.

கழியின் உப்புத்தரையில் உமரி என்ற பெயரை மக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்குகிறார்கள். சுவேடாவில் சிறிய சதைப்பற்றுள்ள இலைகள் மாற்றமைவில் இருக்கும். சாலிகார்னியாவில் இலையே இல்லாததுபோல் தோன்றும். தண்டு மணி கோத்ததுபோல் மூட்டு மூட்டாக இருக்கும். வில்லையின்றியே பிரித்தறியலாம்.

தொடக் கூடாதவை

தெரியாத கடலோரச் செடியின் எந்தப் பகுதியையும் சுவைத்துப் பார்க்காதீர்கள். சுவை அடையாளம் காணும் வழியே அல்ல. பேய்க்குமட்டியின் சிறிய பச்சைக் காய் தர்ப்பூசணிப் பிஞ்சுபோல் மணலில் கிடக்கும், அது நஞ்சு. கழியோரங்களில் வளரும் உதளையின் காய் பச்சை மாங்காயைப் போலவே தோன்றும். அதன் விதை இதயத்தை நிறுத்திவிடும் நஞ்சைக் கொண்டது. குன்றிமணி விதையும் அப்படியே கொடியது. பால் வடியும் செடிகளில் எருக்கும் தில்லையும் கண்ணுக்குப் பெருந்தீங்கு செய்யும். தில்லை மரத்தை மாற்றிலை அமைவும், உதிரும் முன் சிவக்கும் இலையும் காட்டிக்கொடுக்கும். அதன் கிளையை ஒடித்துச் சோதிக்காதீர்கள். கை பட்டுவிட்டால் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

தொட வேண்டாம் என்பது செடியின் நன்மைக்காகவும்தான். மணல்மேட்டைக் கட்டிவைத்திருப்பது அந்தக் கொடிகளே. ஒரு கணு மிதிபட்டு அறுந்தால் அதற்கப்பால் மணல் நழுவத் தொடங்கும். ஏற்கெனவே உள்ள பாதையில் நடந்து, விளிம்பிலிருந்து பாருங்கள். மேட்டின் முகப்பில் கடலாமை முட்டையிட்ட தடம் தெரிந்தால் விலகிச் செல்லுங்கள். வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால், வழியிலேயே வாடி அடையாளத்தையும் இழந்துவிடும்.

ஆறாம் படி: படமும் குறிப்பும்

அழகான பூவின் ஒற்றைப் படம் எடுத்துவந்து பெயர் கேட்பவருக்கு உதவுவது மிகக் கடினம். ஒவ்வொரு செடிக்கும் இந்தப் படங்கள் தேவை: அது நிற்கும் இடம், முழுச்செடி, ஒரு கணுவும் அதில் இலை சேரும் விதமும், இலையின் மேற்புறம், அடிப்புறம், பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, காய் இருந்தால் காய். பூவின் பக்கவாட்டுப் படத்தைப் பலரும் எடுப்பதில்லை. புல்லியும் காம்பும் அதில்தான் தெரியும். அளவுகோலை ஒரு படத்திலாவது வையுங்கள். வெள்ளை மணல் ஒளியைத் திருப்பி அடிப்பதால் படம் வெளுத்துவிடும். உங்கள் உடலின் நிழல் செடிமீது விழும்படி நின்று எடுத்தால் நரம்பு தெரியும்.

படத்தில் வராதவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள்: நாள், நேரம், ஒதுங்கிய கோட்டிலிருந்து தூரம், மணலா சேறா, மணம், பூவைத் தேடிவந்த பூச்சி.

ஏழாம் படி: பெயரை அடைதல்

இப்போது உங்களிடம் ஐந்தாறு உறுதியான அடையாளங்கள் இருக்கும். முதலில் குடும்பத்தை அடையுங்கள். புனல்பூவும் பாலும் மாற்றிலையும் சேர்ந்தால் அடம்பின் குடும்பம். அவரைப்பூ என்றால் அவரைக் குடும்பம். எதிரிலையும், இரு காம்புகளுக்கு இடையே தண்டில் செதிலும் இருந்தால் காப்பிச்செடியின் குடும்பம். மணலில் படர்ந்து நான்கு இதழ் வெளிர் ஊதாப் பூப் பூக்கும் ஹைட்ரோபிலாக்ஸ் இந்தக் கடைசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு அந்தக் கரைக்குரிய தாவர நூலில் உள்ள இருவழித் திறவுகோலைப் பின்தொடருங்கள். அது ஒவ்வோர் அடியிலும் "இதுவா, அதுவா" என்று கேட்கும். விடை தெரியாத கேள்வி வந்தால் ஊகிக்காமல் இரண்டு கிளைகளையும் முயன்று பார்த்து, எது உங்கள் குறிப்போடு முரண்படுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

கைபேசிச் செயலிகள் நல்ல துணை; நடுவராக அவற்றை வைக்கக் கூடாது. ஒளிப்படம் மிகுதியாக உள்ள இனத்தையே அவை எளிதில் பரிந்துரைக்கும். அரிதான உறவினம் அதன் நிழலில் மறைந்துவிடும். செயலி சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அந்த இனத்தின் விளக்கத்தில் உங்கள் ஐந்து அடையாளங்களும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பெயரை நிறுத்திவையுங்கள். 2008-ஆம் ஆண்டு தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் மற்றவர்களும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அங்கேயும் முன்னவர் சொன்னதை வழிமொழியாமல், காரணம் எழுதியிருப்பவரின் கருத்துக்கே எடை கொடுங்கள்.

தமிழ்ப்பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுவது உமரி போன்ற இடங்களில் தவிர்க்க முடியாதது. அறிவியல் பெயரும் மாறக்கூடியதே. சீமைக்கருவேலத்தைப் பழைய நூல்கள் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா என்று குறிக்கும். 2022-இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபின் அது நெல்டுமா ஜூலிஃபுளோரா ஆனது. சங்கங்குப்பியும் கிளரோடெண்ட்ரம் என்பதிலிருந்து வோல்காமேரியா என்ற பேரினத்துக்கு நகர்ந்திருக்கிறது. எனவே இரண்டு நூல்கள் இரண்டு பெயர் சொன்னால், அவை இரண்டு செடிகளா அல்லது ஒரே செடியின் பழைய, புதிய பெயர்களா என்று முதலில் பாருங்கள்.

பெயர் கிடைக்காத செடிக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, தற்காலிகப் பெயருடன் அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த நடையை அதே கோட்டில், வேறு பருவத்தில் வையுங்கள். மழைக்குப் பின் ஒரு முறை, கோடையின் உச்சியில் ஒரு முறை, கடல் சீறி அடங்கிய பின் ஒரு முறை என்று போனால், முன்பு இலையாக மட்டும் நின்றது காயோடு நிற்கும். ஒதுங்கிய கோடு சில தப்படி உள்ளே நகர்ந்திருக்கும். அறுபட்ட அடம்புத் துண்டு ஒன்று புது மணலில் கணுவிலிருந்து வேரை இறக்கியிருக்கும். அந்தத் துண்டு இருக்கும் இடத்தையும் தூரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.